அஞ்சுவட்டக் காவல்

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது கீழ்வேளூர். ஊர்க்காரர்கள் வாயில் அது கீவளூர். நான் பேருந்தை விட்டு இறங்கியபோது தை மாதக் கடைசி, சம்பா அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சாலையின் ஒரு பாதியில் வண்டிகள், மறு பாதியில் நெல். காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே நடந்த ஒரு பெண்ணுக்காக அரசுப் பேருந்து ஒதுங்கிப் போனது. அறுப்பு மிஷின் ஒன்று லாரி மேல் ஏறி அடுத்த ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கொள்முதல் நிலையத்தின் முன்னால் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள் எடைக்குக் காத்துக் கிடந்தன.

நான் வந்த வேலை வேறு. பெரும் துயரத்தைக் கண்டவர்களை, அதிலும் ஒரு ஊரே சேர்ந்து கண்ட துயரத்தை, எப்படி ஆற்றுவது என்று உலகெங்கும் மருத்துவர்களும் சமூகப் பணியாளர்களும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் எழும் கேள்விகளையெல்லாம் இந்த ஒரே வட்டத்துக்குள் நடந்து பார்த்துவிடலாம் என்று எனக்குப் பட்டது. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிந்துபோன வெண்மணி கீழ்வேளூர் வட்டத்தில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறி வந்து நூற்றுக்கணக்கானவர்களை வாரிக்கொண்டுபோன வேளாங்கண்ணியும் இதே வட்டம்தான். காலண்டரில் அடுத்தடுத்த இரண்டு தாள்கள். ஒன்று மனிதர் செய்தது, மற்றொன்று கடல் செய்தது.

முதலில் கோயிலுக்குப் போனேன். கேடிலியப்பர் கோயில் கோச்செங்கட் சோழன் எழுப்பியதாகச் சொல்லப்படும் மாடக்கோயில்களில் ஒன்று. யானை ஏற முடியாத உயரத்தில் சுவாமி இருக்கிறார், படியேறித்தான் பார்க்க வேண்டும். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். ஆனால் என்னை இழுத்தது இங்கே தனிச் சன்னதி கொண்டிருக்கும் அஞ்சுவட்டத்தம்மன்.

சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சூரனை முடித்தார் முருகன் என்பது இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிக்கல் அடுத்த ஊர்தான், ரயிலில் ஏறி உட்கார்வதற்குள் வந்துவிடும். அந்தக் கதையின் மூன்றாம் பாகம் நடப்பது கீழ்வேளூரில். ஜெயித்த பிறகு முருகனுக்குக் கொலைப் பாவம் ஒட்டிக்கொண்டது. வீரஹத்தி என்கிறது தலபுராணம். அது தீர இங்கே வந்து சிவபூஜையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினால் இடையூறு மேல் இடையூறு, மனம் ஒருமைப்படவில்லை. அம்பாள் காளியாக உருமாறி, நான்கு திசையும் ஆகாயமுமாக ஐந்து பக்கமும் வளைத்துக் காவல் நின்றாள். அதன் பிறகே தவம் கூடியது.

போரில் வென்றவனுக்கும் நிம்மதி போகும் என்று ஒரு தலபுராணம் ஒத்துக்கொள்வதே பெரிய விஷயம். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் தூக்கமில்லாமல், திடீர்ச் சத்தத்துக்கு உடல் பதற வாழ்ந்ததைப் பார்த்த பிறகுதான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-ல் அந்த நிலைக்குத் தங்கள் கையேட்டில் தனி இடம் கொடுத்தார்கள். அதைவிட என்னை நிறுத்தியது தாய் செய்த காரியத்தின் வரிசை. போர்க்களத்தில் என்ன பார்த்தாய் என்று அவள் மகனை விசாரிக்கவில்லை, அழுது தீர்த்துவிடு என்றும் சொல்லவில்லை. இனி உன் பக்கம் எதுவும் நெருங்காது என்பதை முதலில் உறுதி செய்தாள். மற்றதை அவன் தானே செய்துகொண்டான்.

ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1992-ல் எழுதிய நூலில், மீள்வதற்கு மூன்று கட்டங்கள் உண்டு என்றார். முதலில் பாதுகாப்பு. அடுத்து நடந்ததை நினைத்து, இழந்ததற்கு அழுவது. பிறகு மனிதர்களோடும் அன்றாடத்தோடும் மறுபடி சேர்வது. முதல் கட்டம் இல்லாமல் இரண்டாவதுக்குத் தாவினால் பேசியவருக்குக் காயம் ஆறாது, கிளறப்படும் என்பது அவர் கண்டது. இன்று மனவடுவை அறிந்த அணுகுமுறை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதன் அடித்தளம் இதுதான்.

கோயில் வாசலில் ஆட்டோ பேசினேன். "வெண்மணிக்கா? வாங்க சார், தேவூர் வழியா போயிடலாம்" என்றார் ஓட்டுநர். கச்சனம் போகும் சாலை. இரண்டு பக்கமும் அறுத்த தாளும் அறுக்காத கதிருமாக மாறி மாறி வந்தன. வாய்க்கால் மதகுகளில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. காவிரியின் கடைமடை இது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வந்து சேரும் இடம். தண்ணீர் கடைசியாக வந்ததைப் போலவே கூலியும் உரிமையும் இங்கே கடைசியாகத்தான் வந்தன.

கீழத்தஞ்சை என்று அன்று சொல்லப்பட்ட இந்தப் பகுதியில் பண்ணையாள் முறை எப்படி இருந்தது என்பதற்குச் சாணிப்பால், சவுக்கடி என்ற இரண்டு சொற்கள் போதும். சாணியைக் கரைத்துக் குடிக்கவைப்பதும் சவுக்கால் அடிப்பதுமான தண்டனைகளின் பெயர்கள் அவை. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்டுகள் வந்து சங்கம் கட்டிய பிறகு அவை ஒவ்வொன்றாக ஒழிந்தன. 1960-களின் கடைசியில் சண்டை அறுப்புக் கூலிக்காக நடந்தது. கலத்துக்குக் கிடைக்கும் கூலி நெல்லில் அரைப் படி கூடக் கேட்டார்கள் தொழிலாளர்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து, செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேரச் சொன்னார்கள். வெண்மணித் தலித் மக்கள் மறுத்தார்கள். கிறிஸ்துமஸ் இரவு, மிராசுதார் தரப்பு ஆட்கள் துப்பாக்கியோடு தெருவுக்குள் புகுந்தபோது, ஓட முடிந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கதவு அடைக்கப்பட்டு, குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர்.

அந்தக் குடிசைக்குள்ளும் வெளியிலும் அடுத்து நடந்தவை நீதிமன்றப் பதிவுகளிலும் நூல்களிலும் இருக்கின்றன. வாசிப்பவர் மனம் கலங்க வேண்டும் என்பதற்காக அவற்றை இங்கே எடுத்து வைக்க மாட்டேன். சாவின் விவரத்தைச் சுவைபட எழுதுவது செத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் படிக்கக்கூடிய எழுத்தில் செய்யக் கூடாத காரியம்.

வெண்மணியில் நினைவிடத்தின் முன் ஆட்டோ நின்றது. பழைய நினைவுக் கல், அதில் பெயர்கள். பிற்காலத்தில் எழுப்பிய பெரிய நினைவு மண்டபம். டிசம்பர் 25 அன்று இங்கே ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும், செங்கொடி ஏறும், பெயர்களைச் சொல்லி வீரவணக்கம் செலுத்துவார்கள். நான் வேண்டுமென்றே சாதாரண நாளில் வந்திருந்தேன். ஆடு ஒன்று மதில் ஓரம் மேய்ந்துகொண்டிருந்தது. பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். பெயர்களை வரிசையாகப் படித்தால், ஒரே வீட்டுப் பெயர்கள் தொடர்ந்து வருவது தெரியும். பட்டியலில் குழந்தைகளும் உண்டு.

தெருவில் மர நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்த இரவில் அவர் எந்த வயலில் ஒளிந்திருந்தார், யாரை இழந்தார் என்று கேட்கத்தான் என்னைப் போன்றவர்கள் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பதில் சொல்லத் தயாராக நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். நான் அறுப்பு எப்படி என்று கேட்டேன். "என்னா அறுப்பு தம்பி, மிஷினு வந்து ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிடுது. பதினேழு ஈரத்துக்கு மேல இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டேங்குறான்" என்று ஆரம்பித்தவர், வெகுநேரம் பேசினார். மழை, ஈரப்பதம், மூட்டைக்கு வாங்கும் கையூட்டு, பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பது. வெண்மணியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கிளம்பும்போது, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வழக்கில் சாட்சி சொன்னார்கள். ஆய்வாளருக்கும் பத்திரிகையாளருக்கும் சொன்னார்கள். சொன்னதெல்லாம் என்ன ஆனது? 1970-ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நிலவுடைமையாளர் தரப்பில் எட்டுப் பேருக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. காரும் வசதியும் உள்ள மிராசுதார்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. அதே இரவில் நில உரிமையாளர் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்களுக்குத் தண்டனை கிடைத்தது. முதல் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இலக்கியமும் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, மிராசுதாரின் ஆண்மைக் குறையை நடந்ததற்குக் காரணமாக்கிவிட்டது அந்த நாவல் என்ற விமர்சனம் அதன்மேல் தொடர்ந்து வைக்கப்படுகிறது. பட்டவர்கள் வாயாலேயே சொல்லவிட்டுப் பதிவு செய்த படம் என்று பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தைச் சொல்லலாம். காயம் பட்டவர் தன் கதையின் சொந்தக்காரராக இருக்கிறாரா, அல்லது வருகிறவருக்குக் கச்சாப்பொருள் கொடுப்பவராக மட்டும் இருக்கிறாரா என்ற கேள்வி மருத்துவருக்கு மட்டும் உரியதில்லை. எழுதுகிறவனுக்கும் அதுதான் முதல் கேள்வி. அந்தப் பெரியவரிடம் நான் கேட்காமல் வந்ததால் இந்தக் கட்டுரைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

மத்தியானத்துக்கு மேல் திருவாரூர் சாலையில் திரும்பி வந்து கூத்தூரில் இறங்கினேன். வினோபா ஆசிரமம், லாஃப்டி என்று கேட்டால் வழி சொல்வார்கள்; உழுபவர் நில விடுதலை இயக்கத்தின் ஆங்கிலச் சுருக்கம் லாஃப்டி. இங்கிருந்துதான் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் வேலை செய்தார்கள். கிருஷ்ணம்மாள் 1926-ல் மதுரைச் சீமையில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் பூதான இயக்கத்தில் வினோபாவோடு நடந்தவர்கள். வெண்மணிச் செய்தி கேட்டுக் கீழத்தஞ்சைக்கு வந்தவர்கள், திரும்பிப் போகாமல் இங்கேயே வேர்விட்டார்கள்.

எரிந்த ஊருக்குள் வந்த அந்தப் பெண் ஆறுதல் வகுப்பு எதையும் நடத்தவில்லை. நிலம் வேண்டும் என்ற இடத்தில் நின்றார். வெண்மணியில் 74 குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கராக 74 ஏக்கர் கிடைக்கும்வரை விடவில்லை. 1981-ல் லாஃப்டி தொடங்கப்பட்டது. வழிமுறை எளிமையாகத் தோன்றும். நிலத்தை விற்க மனம் வைக்கும் மிராசுதாரிடம் பேசி விலை முடிப்பது, வங்கிக் கடனோ அரசுக் கடனோ ஏற்பாடு செய்வது, ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரிப்பது, பத்திரத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் எழுதுவது, விளைச்சலில் கடனை அடைப்பது. செய்து முடிக்க ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் அலைச்சல், நடைப்பயணம், உண்ணாவிரதம், சிறை. இப்படி ஏறக்குறைய 13,000 குடும்பங்களுக்கு நிலம் போய்ச் சேர்ந்தது. 2008-ல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் கிடைத்தது. ஜெகந்நாதன் 2013-ல் காலமானார்.

கூத்தூர்ப் பக்கத்தில் ஒரு களத்துமேட்டில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண் பதர் தூற்றிக்கொண்டிருந்தார். மிஷின் அறுத்த நெல்லில் விற்றது போக வீட்டுக்கு வைத்துக்கொண்டது. "யாரு நெலம்மா இது?" என்று கேட்டேன்.

"எங்க நெலந்தாங்க. எம் பேருல இருக்கு பட்டா."

"ஒரு ஏக்கர்ல கட்டுப்படி ஆகுதா?"

"எங்கங்க ஆவுது? உர வெல என்னா, மிஷின் வாடகை என்னா. நடவு, களைன்னு நாலு எடத்துக்குக் கூலிக்குப் போறதுதான். ஆனா முன்ன மாதிரி இல்லீங்க. கூப்புட்டா போவேன், மனசு இல்லன்னா போவ மாட்டேன். எங்க ஆயி காலத்துல அப்புடி சொல்ல முடியுமா?"

வருமானக் கணக்கில் பார்த்தால் ஒரு ஏக்கர் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன் என்று சொல்லலாம். 2014-ல் அமெரிக்க அரசின் மனநல நிறுவனம் ஒன்று மனவடுவை அறிந்த அணுகுமுறைக்கு ஆறு நெறிகளை வகுத்தது. பாதுகாப்பு, ஒளிவுமறைவு இல்லாத நம்பகம், தன்னைப் போல் பட்டவர்களின் துணை, சேர்ந்து முடிவெடுப்பது, தன் காரியத்தில் தன் இஷ்டம் செல்லுபடி ஆவது, பண்பாட்டையும் வரலாற்றையும் பாலினத்தையும் கணக்கில் எடுப்பது. முடியாது என்று சொன்னதற்காக எரிக்கப்பட்ட ஒரு வட்டாரத்தில், மனசு இல்லையென்றால் போக மாட்டேன் என்று ஒரு பெண் களத்துமேட்டில் நின்று சாதாரணமாகச் சொல்கிறார். ஐந்தாவது நெறிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எந்தக் கையேட்டில் கிடைக்கும்?

கிருஷ்ணம்மாள் செய்ததை மனநல மருத்துவம் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அஞ்சுவட்டத்தம்மன் வேலை அது. அடி வாங்கியவன் அடுத்த அடிக்குப் பயந்துகொண்டே இருக்கும் வரை ஆறுதல் ஒட்டாது. பண்ணையார் வீட்டுக் கூலியை நம்பி வாழும் வரை அடுத்த அடி எப்போதும் வரலாம். நிலம் அந்தப் பயத்தின் வேரைக் கொஞ்சம் அறுத்தது. அதையும் முழுக் காவல் என்று சொல்லிவிட முடியாது. 1990-களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகி உப்புநீர் வயலுக்குள் இறங்கியபோது, கொடுத்த நிலமே கெட்டுப்போகும் நிலை வந்தது. ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

மறுநாள் வட்டத்தின் எல்லையைத் தாண்டி, சுனாமியைத் தேடி நாகப்பட்டினம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் என்று கடலோரம் நடந்தேன். சுனாமியில் தமிழ்நாடு கொடுத்த உயிர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு அன்றிருந்த நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றினுடையது, ஆறாயிரத்துக்கும் மேல். அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் இன்று விசைப்படகுகள் தோளோடு தோள் நெருக்கி நிற்கின்றன. ஐஸ் உடைக்கும் மிஷின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பெண்கள் அன்னக்கூடையோடு ஏலத்துக்கு நிற்கிறார்கள். கடல் வாரிக்கொண்டு போன ஊர் என்று தெரியாமல் வருகிறவருக்கு எதுவுமே தெரியாது.

2005-ன் தொடக்க மாதங்களில் இந்த மணலில் நிவாரணப் பொருளோடு ஆலோசகர்களும் வந்து இறங்கினார்கள். நாகையில் மட்டுமில்லை, இலங்கையின் கிழக்குக் கரையிலும் அதேதான். மொழி தெரியாதவர்கள்கூட ஒருநாள் வந்து, குழந்தைகளை உட்காரவைத்து, அலையை வரையச் சொல்லிவிட்டு, வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் வேறொரு குழு வந்தது. அந்த நேரத்தில் பலருக்கும் இருந்த நம்பிக்கை, நடந்ததை உடனே ஒருமுறை முழுதாகச் சொல்லவைத்துவிட்டால் பின்னால் வரும் நோய் தடைபடும் என்பது. அப்படி இல்லை என்று அதற்கு முன்பே ஆராய்ச்சி சொல்லியிருந்தது. ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை பற்றிய பல சோதனைகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரன் ஆய்வுரை, அது பிற்கால நோயைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்றது. சுனாமியில் பட்ட பாடத்தையும் சேர்த்துத்தான் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி 2007-ல் பேரிடர்க்கால மனநல வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. முதலில் உணவு, உறைவிடம், பிரிந்த குடும்பத்தைச் சேர்ப்பது, சரியான தகவல். அடுத்து ஊரும் உறவும் தாங்கும் தாங்கல். அதற்கு மேல்தான் ஆலோசனை. மிகச் சிலருக்கே மனநல மருத்துவர் என்று அடுக்கடுக்காக வகுத்திருக்கிறது அது.

அந்த நெறிகள் வருவதற்கு முன்பே நாகையில் சில நல்ல காரியங்கள் நடந்தன. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் வெளியிலிருந்து ஆலோசகர்களைக் குவிப்பதற்குப் பதிலாக, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கேட்டு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தபோது அரசு அவசரப்பட்டுக் கொடுக்கவில்லை. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் இல்லங்களைத் திறந்து, சொந்த மண்ணிலும் சொந்தப் பேச்சிலும் வளரவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பிறகு பிள்ளைகளை அலைக்குக் கொடுத்துவிட்ட தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களில் மறுபடி பிள்ளை வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கருக்குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சைச் செலவை அரசு ஏற்றது. இறந்த பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகிவிடுமா, பெண்ணின் உடம்புதானே மறுபடி விலை கொடுக்கிறது என்ற வாதம் நியாயமானதே. ஆனாலும் அந்தத் திட்டம் ஒன்றைச் சரியாகச் செய்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதைக் கொடுத்தது.

ஆண்களுக்கு மருந்தாக இருந்தவை படகும் வலையும். கடலைப் பார்க்கவே அஞ்சிக் கிடந்தவர்கள் ஃபைபர் படகு வந்ததும் தனியாகப் போகவில்லை. ஊர்ப் பஞ்சாயத்து கூடி, நாள் குறித்து, எல்லோரும் சேர்ந்தே இறங்கினார்கள். இன்றும் டிசம்பர் 26 அன்று நாகை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. பால் ஊற்றுகிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், கும்பிட்டுவிட்டு மறுநாள் போகிறார்கள்.

ஊராகச் சேர்ந்து பட்டதை ஊராகச் சேர்ந்தே ஆற்ற வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொன்னவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநலப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம். இலங்கைப் போரின் நடுவே யாழ்ப்பாண மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மேற்கிலிருந்து வந்த நோய்ப் பட்டியல் தனி மனிதனின் மண்டைக்குள் காயத்தைத் தேடுகிறது. அவர் பார்த்ததோ குடும்பம் சிதறியதையும், அயலவரை அயலவர் நம்பாததையும், கோயில் திருவிழா நின்றுபோனதையும். காயம் அங்கே இருந்தால் மருந்தும் அங்கேதான் போக வேண்டும். செத்தவர் உடலே கிடைக்காத வீட்டில் எட்டாம் நாள், முப்பத்தொன்றாம் நாள் காரியங்களை எப்படிச் செய்வது என்று தவித்தவர்களுக்குச் சடங்கைச் செய்ய வழி காட்டுவதும் சிகிச்சைதான் என்ற இடத்துக்கு அந்தச் சிந்தனை நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. மருத்துவர் தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. மாதக்கணக்கில் தூக்கமில்லாதவருக்கும், செத்துப்போகலாம் என்று நினைப்பவருக்கும் மருத்துவர் வேண்டும். 14416 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேச ஆள் இருக்கிறார்கள். அந்த எண்ணை அழைக்கும் தெம்பை ஊர் கொடுக்க வேண்டும்.

நாகைக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது டிசம்பர் 25, 26 என்ற இரண்டு நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடலோரத்தில் வீடு எழுந்தது, படகு வந்தது, நினைவுத் தூண் வந்தது. டிசம்பர் 26 வந்தால் மாவட்ட அதிகாரிகள் மலர்வளையத்தோடு நிற்கிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. இங்கே நடந்தது உண்மையா என்று எந்த மீனவரும் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. வெண்மணியில் டிசம்பர் 25-ஐ இத்தனை ஆண்டுகள் அணையாமல் காத்தவர்கள் ஊர்மக்களும் அவர்கள் சங்கமும் கட்சியும்தான். கடலின் மேல் வழக்குப் போட முடியாது, அதனால் அங்கே துக்கம் வெறும் துக்கமாக இருக்க முடிகிறது. வெண்மணியில் வழக்குப் போட்டார்கள். சாட்சி சொன்னார்கள். நம்ப முடியவில்லை என்ற பதில் வந்தது. அந்தப் பதிலும் அந்த ஊர்ப் பெரியவர்கள் சுமக்கும் மனவடுவின் ஒரு பகுதி. குடிசையை எரித்தவர்களுக்கு அதில் பங்கு எவ்வளவோ, சாட்சியைக் கேட்டும் கேளாமல் இருந்தவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஹெர்மன் தன் முதிய வயதில், 2023-ல் வெளிவந்த நூலுக்காக, வன்முறைக்கு ஆளான பலரிடம் உங்களுக்கு எது நீதி என்று கேட்டார். பழிக்குப் பழி வேண்டும் என்பதைவிட, நடந்தது நடந்ததுதான், அது தவறுதான் என்று சுற்றியிருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றே பலரும் கேட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உண்மை ஆணையம் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தது இதற்காகத்தான். அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் சொன்னதை அரசு உட்கார்ந்து கேட்டது. வெண்மணி வழக்கை இனித் திறக்க வழியில்லை. குற்றம் சாட்டப்பட்டவரும் சாட்சிகளும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மருத்துவர்களை அனுப்பினாலும் அவர்களால் ஆகக்கூடியது கொஞ்சம்தான்.

வெண்மணிக்காரர்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டார்கள். நிலத்தைப் போராடிப் பெற்றார்கள், பெயர்களைக் கல்லில் வெட்டிக்கொண்டார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். நாகையில் 26-ஆம் தேதி நிற்கும் அரசு, முதல் நாளே புறப்பட்டு, கீழ்வேளூரில் திரும்பி, தேவூர் வழியாக வெண்மணிக்குப் போய், 44 பெயரையும் தன் வாயால் படித்து, இவர்களை மனிதர்கள்தான் கொன்றார்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்லலாம். அதற்குத் தனித் திட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.